தமயந்தியின் முகமும் நல்லெண்ணெய்ப் பிசுக்கும்

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில், வராகமூர்த்தி கோயிலின் பெரிய குளத்திற்கு ஒரு தெரு தள்ளி நாங்கள் குடியிருக்கும் வீட்டில், வியாழக்கிழமை மாலைதோறும் ஒரு சிறு யுத்தம் நடைபெறும். மறுநாள் பூஜைக்காகக் குத்துவிளக்கைத் துலக்க எடுத்தால், தண்டிலும் அடித்தட்டிலும் வழிந்த நல்லெண்ணெய் தேன் நிறத்தில் இறுகிப்போய், தொட்ட விரலைப் பிடித்துக்கொண்டு, புளிக்கும் வெந்நீருக்கும் இணங்காமல் அடம்பிடிக்கும். பக்கத்து வீட்டார் மலையாளிகள். தேங்காயெண்ணெய் ஊற்றி விளக்கேற்றுகிறவர்கள். அவர்களுடைய விளக்கோ ஒரு துணியால் துடைத்த மாத்திரத்திலேயே பளிச்சென்று ஆகிவிடும். அந்த வீட்டுப் பித்தளை உயர்ந்த ஜாதி என்று என் மனைவியும், அந்த வீட்டு அம்மாளின் கை சுறுசுறுப்பானது என்று நானும் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தோம் (நான் சொன்னது வீட்டில் ரசிக்கப்படவில்லை). எண்ணெய் வர்ணத்தில் ஒரு முகத்தைப் பார்த்து எழுதிப் பழகவேண்டும் என்ற ஆசை அறுபது வயதுக்கு மேல் என்னைப் பிடித்திராவிட்டால், அந்த இரண்டு விளக்குகளுக்கும் இடையே உள்ள பேதத்திற்குள் ஒரு கலையின் ரகசியமே அடங்கியிருக்கிறது என்பதை நான் அறிந்திருக்க மாட்டேன்.

ரகசியம் என்ற சொல்லை அலங்காரத்துக்காக எழுதவில்லை. இதே திருவனந்தபுரத்தில், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு, அது மெய்யாகவே ரகசியமாகக் காக்கப்பட்டது. 1862-இல் கிளிமானூரிலிருந்து பதினான்கு வயதுச் சிறுவனாக வந்து, ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆதரவில் இங்கே தங்கிய ரவிவர்மாவுக்கு, நீர்வர்ணத்தில் நல்ல கை இருந்தும் எண்ணெய் வர்ணம் பிடிபடவில்லை. அரண்மனைச் சித்திரக்காரராயிருந்த மதுரை ராமசுவாமி நாயக்கர் அந்த வித்தையைக் கற்றுத் தர மறுத்துவிட்டார் என்றும், அவருடைய சீடராகிய ஆறுமுகம் பிள்ளை என்பவர் குருவுக்குத் தெரியாமல் இரவு வேளையில் வந்து சிலவற்றைக் காட்டிக்கொடுத்தார் என்றும் ரவிவர்மாவின் சரித்திரத்தை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1868-இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பியச் சித்திரக்காரர் அரச குடும்பத்தாரின் உருவங்களை எழுத வந்தபோது, அவரும் கற்பிக்க இசையவில்லை. தாம் எழுதும்போது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள மாத்திரம் அனுமதித்தார்.

புதிர் இங்கேதான் பிறக்கிறது. சங்கீதத்தின் சூட்சுமம் பாடுகிறவரின் தொண்டைக்குள் இருக்கிறது. ரசத்தின் சூட்சுமம் பாத்திரத்தில் கரைந்து போய்விடுகிறது. ஆனால் ஒரு படம் முழுவதும் வெளியே, வெளிச்சத்தில், நம் கண்ணுக்கு எதிரே தொங்குகிறது. அதில் மறைத்து வைப்பதற்கு என்ன இருக்கிறது? கூர்மையான கண்ணும் பழகிய கையும் உடைய ஒரு பிள்ளை, முடிந்த படங்களைப் பார்த்தே அந்த வித்தையைக் கற்றுக்கொள்ள முடியாதது ஏன்?

இந்தக் கேள்விக்கு விடை தேடி நான் நூல்களிடம் போகவில்லை. என் சொந்தத் தோல்விகள் வழியாகப் போய்ச் சேர்ந்தேன். அருங்காட்சியக வளாகத்தில், 1935-இல் திறக்கப்பட்ட ஸ்ரீ சித்ரா கலைக்கூடத்தின் செல்வங்களுள் ஒன்று ரவிவர்மா 1899-இல் எழுதிய ‘ஹம்ஸ தமயந்தி’. சிவப்புப் புடவையும் அன்னமும் என் சக்திக்கு அப்பாற்பட்டவை என்பதால், தமயந்தியின் முகத்தை மட்டும் பிரதி எடுப்பது என்று தீர்மானித்து, நல்ல அச்சுப்பிரதி ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறிப் போய் அசலின் முன்னால் நின்றுவிட்டுத் திரும்புவதை வழக்கமாகக் கொண்டேன்.

முதற்படியாகிய வரைவு, அஞ்சிய அளவுக்குக் கஷ்டமாயிருக்கவில்லை. புள்ளிக்கோலம் போடுகிற வீட்டில் பிறந்தவர்களுக்குச் சதுரக்கட்ட முறையை விளக்க வேண்டியதில்லை: அசலின்மீது சம கட்டங்களைப் போட்டு, அதே எண்ணிக்கைக் கட்டங்களைக் கித்தானிலும் போட்டு, கோடு எந்தக் கட்டத்தின் எந்த மூலையில் நுழைந்து எதில் வெளியேறுகிறது என்பதை மட்டும் கவனித்தால் போதும். எனக்கு அதைவிடப் பெரிய உதவி செய்தது, அச்சுப்பிரதியையும் கித்தானையும் தலைகீழாக வைத்துக்கொண்டு வரைந்ததுதான். நேராக இருக்கும் முகத்தை நம் மூளை ‘முகம்’ என்று ஒட்டுமொத்தமாக அடையாளம் கண்டுவிடுவதால், கண் இப்படி, மூக்கு இப்படி என்று தனக்கு முன்னமே தெரிந்த சின்னங்களைக் கையினிடம் கொடுத்துவிடுகிறது; தலைகீழாக்கினால் அந்த அவசரம் அடங்கி, கோடு கோடாகவும் நிழல் நிழலாகவும் கண்ணில் படுகின்றன. இது வெறும் சித்திரக்காரர் நம்பிக்கை அன்று. 1980-இல் பீட்டர் தாம்ப்ஸன் என்ற ஆங்கில விஞ்ஞானி, மார்கரெட் தாட்சரின் புகைப்படத்தில் கண்களையும் வாயையும் மட்டும் வெட்டித் தலைகீழாக ஒட்டிக் காட்டினார். படத்தைத் தலைகீழாகப் பிடித்தால் பிழை ஏதும் பெரிதாகத் தெரிவதில்லை. நேராகத் திருப்பியதும் முகம் பயங்கரமாகிவிடுகிறது. நேர் முகத்துக்கென்று மூளையில் தனியாக ஒரு சாமர்த்தியம் இயங்குகிறது என்பதற்கு இதைவிடச் சுலபமான நிரூபணம் கிடையாது.

அடுத்தது வர்ணம். தமயந்தியின் விழி வெண்மைக்கு வெள்ளையையே எடுத்துப் பூசினேன். பொம்மைக் கண் வந்தது. பிறகு ஒரு தபாலட்டையில் மிளகளவு துளையிட்டு, அதன் வழியே அச்சுப்பிரதியின் ஒவ்வோர் இடத்தையும் தனித்துப் பார்த்தபோது, விழி வெண்மை என்று நான் சத்தியம் செய்திருக்கக்கூடிய இடம் அழுக்குச் சாம்பல் நிறமாக இருந்தது; சுற்றியுள்ள இருண்ட இமையும் பொன்னிறமான கன்னமுமே அதை வெள்ளையாக்கிக் காட்டின. இந்த மாயத்தை ஒழுங்காக ஆராய்ந்தவர் மிஷேல் செவ்ரல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. பாரிஸ் நகரத்துக் கோப்லான் நெசவுச்சாலையில் சாயப் பிரிவின் தலைவராயிருந்த அவரிடம், கறுப்பு நூலில் கறுப்பு போதவில்லை என்று நெசவாளர்கள் குறை சொன்னார்கள். நூலைத் தனியே எடுத்துச் சோதித்தால் சாயத்தில் குற்றமில்லை. பக்கத்தில் ஓடும் நீல நூலும் ஊதா நூலும்தான் அதன் கருமையைக் கெடுத்துக் காட்டின. 1839-இல் அவர் வெளியிட்ட நூல், ஒரு நிறம் அண்டையிலுள்ள நிறத்தை எவ்வாறு திரிக்கிறது என்பதை விதிகளாக வகுத்தது. ‘அண்டைநிற மாற்றம்’ என்று இதற்குத் தமிழில் பெயர் வைக்கலாம். 102 வயது வரை வாழ்ந்த இந்த மனிதர் இக்கட்டுரையில் இன்னொரு முறையும் வருவார், வேறு காரணத்துக்காக.

இதுவரை சொன்னவை நீர்வர்ணத்துக்கும் பொருந்துபவையே. எண்ணெயின் தனிக் கதை, சாலைக் கடைத்தெருவில் ஆளிவிதை எண்ணெய் வாங்கப் போன அன்று தொடங்கியது. கடைக்கார அண்ணாச்சி நாகர்கோவில் பக்கத்தவர். என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, “சாரே, இது தலையில தேய்க்கப்பட்டது இல்ல, கதவில தேய்க்கப்பட்டதாக்கும்” என்று எச்சரித்தார். வேடிக்கையாகச் சொன்னாரே தவிர, அந்த ஒரு வாக்கியத்தில் ரஸாயன சாஸ்திரம் முழுவதும் இருந்தது. தேங்காயெண்ணெயைத் தலையில் தடவலாம், கதவில் தடவினால் என்றைக்கும் ஈரமாகவே இருக்கும். ஆளிவிதை எண்ணெயைக் கதவில் தடவலாம், தலையில் தடவினால் சில நாளில் மயிர் மெழுகுச் சீலையாகிவிடும். தண்ணீர் ஆவியாகிப் போவதால் உலர்கிறது. எண்ணெயோ ஆவியாகிப் போவதில்லை. பின் எங்ஙனம் அது உலர்கிறது? ஓர் எண்ணெய் உலர, மற்றோர் எண்ணெய் உலராததேன்?

எண்ணெயின் மிகச் சிறிய அலகை, மூலக்கூறு என்று பாடநூல்கள் சொல்வதை, ஒரு சிறிய தலையும் மூன்று நீண்ட வால்களும் உடைய ஒரு பிராணியாகப் பாவனை செய்துகொள்ளுங்கள். தலை கிளிசரின், வால்கள் கொழுப்பமிலங்கள். எண்ணெய்களும் கொழுப்புகளும் இவ்விரண்டாலும் ஆனவை என்று 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்துக் காட்டியவர் வேறு யாருமில்லை, நாம் சற்றுமுன் சந்தித்த அதே செவ்ரல்தான். ஒவ்வொரு வாலும் கரி அணுக்களைக் கோத்த மாலை. தேங்காயெண்ணெயின் வால்களில் பெரும்பாலானவை குட்டையானவை. அவற்றில் ஏறக்குறைய பாதியாகிய லாரிக் அமிலத்தில் பன்னிரண்டு மணிகள் மாத்திரம் உண்டு. ஒவ்வொரு மணியும் தன் அண்டை மணியை ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கைகள் எல்லாவற்றிலும் ஹைட்ரஜனை ஏந்தி, நிறைந்த வயிற்றுடன் இருக்கிறது. அதற்கு மேல் ஒன்றையும் அது விரும்புவதில்லை. ஆளிவிதை எண்ணெயின் வால்களில் பதினெட்டு மணிகள். அவற்றில் பாதிக்கு மேற்பட்ட வால்களில் மூன்று இடங்களில் அண்டை மணிகள் இரண்டு கைகளாலும் ஒன்றையொன்று பற்றியிருக்கின்றன. இதை ‘இரட்டைப் பிணைப்பு’ என்கிறோம். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே அகப்பட்ட மணியின் நிலை பரிதாபமானது: அதன் ஹைட்ரஜன் தளர்ந்து, எவரும் பறித்துக்கொள்ளத் தக்கதாக இருக்கிறது. காற்றிலுள்ள பிராணவாயு அந்தப் பலவீனமான இடத்தில்தான் நுழைகிறது; நுழைந்ததும் அந்த வால் பக்கத்திலுள்ள வேறொரு மூலக்கூறின் வாலைப் பற்றிக்கொள்கிறது.

வலியதுறைக் கடற்கரையில் வலை முடைகிறவர்களைப் பார்த்திருப்பவர்களுக்கு மேற்கொண்டு நடப்பது எளிதில் விளங்கும். முடிச்சிடாத நூல்கள் ஆயிரம் குவிந்து கிடந்தாலும் அவை வழுக்கி நழுவும் குவியல்தான். அங்கங்கே முடிச்சு விழ விழ அதே நூல்கள் ஒரே வலையாகி, ஒரு முனையை இழுத்தால் முழுவதும் வருகிறது. எண்ணெய் ‘உலர்வது’ என்று நாம் சொல்வது உண்மையில் இந்த முடிச்சு விழுதலே. எனவே உலர்தல் என்ற சொல் பொருந்தாது. ‘இறுகல்’ என்பதே தகும். நல்லெண்ணெயில் இரண்டு இரட்டைப் பிணைப்புள்ள வால்கள் ஐந்தில் இரண்டு பங்கு இருப்பதால் அது அரைகுறையாக முடிச்சிட்டுப் பிசுக்காகி நின்றுவிடுகிறது. பித்தளையிலுள்ள செம்பும் இந்த முடிச்சிடலைத் துரிதப்படுத்துவது. ஆகவே குற்றம் எங்கள் விளக்கின் ஜாதியிலோ, அடுத்த வீட்டு அம்மாளின் கையிலோ இல்லை. புளியின் புளிப்புப் பித்தளையின் களிம்பை எடுக்குமே தவிர வலையை அறுக்காது. தலையையும் வாலையும் இணைக்கும் மூட்டை அறுப்பது சாம்பலின் காரம்தான்.

இதெல்லாம் யார் கண்டது என்று வாசகர்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். சாட்சி தராசு. கண்ணாடித் தகட்டின்மேல் நீரை மெல்லியதாகப் பரப்பி நிறுத்துக்கொண்டே வந்தால் எடை குறைந்து குறைந்து சூனியமாகும். அதே தகட்டில் ஆளிவிதை எண்ணெயைப் பூசி நாள்தோறும் நிறுத்தால், எடை குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. இறுகும் காலத்துக்குள் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேலும் ஏறுகிறது. ஏதோ ஒன்று வெளியிலிருந்து உள்ளே வந்திருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? பிராணவாயு இல்லாத ஜாடிக்குள் வைத்த எண்ணெய் இறுகுவதே இல்லை. இன்னோர் அத்தாட்சி அபாயகரமானது. முடிச்சு விழும்போது உஷ்ணம் வெளிப்படுகிறது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த கந்தல்களைச் சுருட்டி ஒரு மூலையில் எறிந்தால், உஷ்ணம் வெளியேற வழியின்றிச் சேர்ந்து, யாரும் தீ வைக்காமலே கந்தல் பற்றிக்கொள்ளும். சித்திரச்சாலைகளும் தச்சுப்பட்டறைகளும் இவ்வாறு எரிந்து போனதுண்டு. நான் என் கந்தல்களைக் கொல்லைக் கொடியில் விரித்துக் காயப்போடுகிறேன். அக்கம்பக்கத்தார் என்னைப் பற்றி ஏற்கெனவே கொண்டிருந்த அபிப்பிராயம் இதனால் வலுப்பட்டதே தவிர மாறவில்லை.

காற்று மேலிருந்து வருவதால் இறுகலும் மேலிருந்தே தொடங்குகிறது. சூடான பாலின்மேல் ஆடை படர்ந்து, அடியிலுள்ள பால் அசையும்போது அந்த ஆடை சுருங்கி மடிவதைப் பார்க்கிறோமே, தடித்துப் பூசிய எண்ணெய் வர்ணத்திலும் அதுவே நேர்கிறது. தமயந்தியின் கூந்தலுக்கு நான் தாராளமாக அப்பிய கறுப்பு, மூன்று வாரத்தில் யானைத்தோல் போல் திரைந்துபோயிற்று. இதைவிட நுட்பமான ஆபத்து, அடிப்பூச்சில் எண்ணெய் மிகுதியாகவும் மேற்பூச்சில் குறைவாகவும் அமைந்துவிடுவது: மேலே உள்ளது விரைவில் இறுகி அசைவற்றுப்போக, கீழே உள்ளது மாதக்கணக்கில் பருத்தும் சுருங்கியும் அசைந்துகொண்டிருந்து மேலுள்ளதை வெடிக்க வைக்கும். ஆகையால் ‘மெலிந்தது கீழே, கொழுத்தது மேலே’ என்பது சித்திரச்சாலைகளின் பழைய விதி. முதற்பூச்சுக்கு வர்ணத்தை டர்பன்டைன் தைலத்தில் நீர்க்க விட்டு மெலிவாகவும், மேலே போகப் போக எண்ணெயைக் கூட்டியும் எழுத வேண்டும். முடிந்த படத்தில் இந்த விதி எங்கேயாவது தெரிகிறதா? தெரியவே தெரியாது. மேல்தளம் மாத்திரமே கண்ணுக்குப் படுகிறது. கட்டடத்தின் மொட்டைமாடியைப் பார்த்து அஸ்திவாரத்தின் ஆழத்தைச் சொல்ல முடியுமா?

ஒளியின் காரியமும் இதைப் போன்றதே. பழம்பொரி சுற்றித் தந்த காகிதத்தில் எண்ணெய் ஊறிய இடம் மட்டும் கண்ணாடி போலாகி, மறுபக்கத்து எழுத்து தெரிவதைக் கவனித்திருக்கிறீர்களா? காகிதத்தின் நார் இயல்பில் நிறமற்றது, ஒளி ஊடுருவுவது. நார்களுக்கிடையே காற்று நிரம்பியிருப்பதால், காற்றிலிருந்து நாருக்கும் நாரிலிருந்து காற்றுக்கும் தாவும் ஒவ்வோர் எல்லையிலும் கிரணங்கள் முறிந்து சிதறி, காகிதம் வெள்ளையாகத் தோன்றுகிறது. எண்ணெய், ஒளியை ஏறக்குறைய நாரைப் போலவே வளைப்பதாகையால், காற்றின் இடத்தை அது பிடித்துக்கொண்டதும் எல்லைகள் மறைந்துபோகின்றன. இந்த வளைக்கும் தன்மைக்கு ஒளிவிலகல் எண் என்று அளவு உண்டு: நீர் 1.33, ஆளிவிதை எண்ணெய் 1.48, சுண்ணத்தூள் ஏறத்தாழ 1.6, ஈய வெள்ளை ஏறத்தாழ 2. சுவரில் நீரோடு பூசி உலர்ந்த சுண்ணம் வெண்மையாக ஒளிர்கிறது. எண்ணெயில் குழைத்த சுண்ணமோ மங்கிக் கண்ணாடித்தன்மை அடைகிறது. எண்ணெயில் வெள்ளையாகவே நிற்பதற்கு ஈய வெள்ளை போன்ற பெரிய எண் உடைய பொருள் வேண்டும் (அது நஞ்சு, இக்காலத்தில் டைட்டானியம் வெள்ளையே பெரிதும் வழங்குகிறது). இதனால் எண்ணெய்ச் சித்திரக்காரனின் தட்டில் இரண்டு வகை வர்ணங்கள் அமைகின்றன: ஒளியைத் திருப்பி அனுப்புபவை, ஒளியை உள்ளே விடுபவை.

உள்ளே விடுபவற்றை மெல்லிய படலமாகப் பூசுவதைச் சித்திரக்காரர்கள் ‘கிளேஸ்’ என்பார்கள். ‘ஒளிபுகு படலம்’ என்று நாம் சொல்லலாம். தட்டுக்கடையில் வெள்ளைக் கோப்பையில் கட்டன்சாயா (பாலில்லாத தேநீர்) வாங்கிப் பாருங்கள்: விளிம்பில் பொன், சற்று உள்ளே செம்பு, நடுவில் மாணிக்கச் சிவப்பு. திரவம் ஒன்றே, ஒளி அதற்குள் புகுந்து கோப்பையின் வெண்மையில் மோதித் திரும்பி வரும் தூரம்தான் வேறு. வெண்மையான அடிப்பூச்சின்மேல் படலம் படலமாகச் செம்மையை ஏற்றினால், நிறம் மேற்பரப்பில் ஒட்டியிருப்பதாகத் தோன்றாமல் உள்ளிருந்து வருவதாகத் தோன்றும். மனிதத் தோலும் இப்படிப்பட்ட அடுக்குப் பூச்சுத்தான்: மேலே ஒளி ஊடுருவும் மெல்லிய தோல், அதற்கடியில் ரத்தம். கன்னத்துக்கு ஏற்ற ஒரே நிறத்தைத் தட்டில் குழைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று நான் வீணாக்கிய இரண்டு மாதங்களில், ஒருமுறை செங்கல்லும் ஒருமுறை மஞ்சளரைத்த முகமும் கிடைத்தனவே அன்றித் தமயந்தி கிடைக்கவில்லை.

நெற்றிப்பொட்டின் ஓரத்தில் ஓடும் நீலச்சாயல் இன்னும் வேடிக்கையானது. நானோ நீலத்தைக் குழைத்துப் பூசி, அடிபட்ட காயம் போல் ஆக்கிவிட்டேன். இருண்ட வாசற்படிக்கு எதிரே சாம்பிராணிப் புகை நீலமாகவும், வெளிவானத்துக்கு எதிரே அதே புகை பழுப்பாகவும் தெரிவதை நினைத்துக்கொள்ளுங்கள். நுண்ணிய துகள்கள் நீல ஒளியை அதிகமாகச் சிதற அடிப்பதால் நேர்வது அது. இருண்ட அடிப்பூச்சின்மேல் வெள்ளை கலந்த மெல்லிய பூச்சை இழுத்தாலும் அதே நீலச்சாயல் தானே தோன்றும்; நீலம் ஒரு துளியும் வேண்டாம். நம் கை நரம்புகளின் நீலமும் இத்தகைய பொய்தான். 1996-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நரம்பின் மேலுள்ள தோலிலிருந்து திரும்பும் ஒளியைக் கருவியால் அளந்தபோது, அதிலும் சிவப்பே நீலத்தைவிட அதிகம் என்று தெரிந்தது. சுற்றியுள்ள தோலைவிடச் சிவப்புச் சற்றுக் குறைந்திருப்பதையே நம் கண் நீலம் என்று தீர்ப்பளிக்கிறது. செவ்ரல் உயிரோடிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

அசலைச் சுரண்டாமலே அதன் அடுக்குகளை எண்ணிப் பார்க்க விஞ்ஞானிகள் இப்போது வழி கண்டிருக்கிறார்கள். பாத்திரம் வாங்குகிறவர் விரலால் தட்டி, எழும் நாதத்தைக் கொண்டே வெண்கலமா பித்தளையா என்று சொல்வதைப் போல, எக்ஸ் கதிரால் ‘தட்டினால்’ ஈயம் ஒரு குரலிலும் இரும்பு ஒரு குரலிலும் மாங்கனீஸ் வேறொரு குரலிலும் பதில் கதிர் வீசுகின்றன. லூவர் அருங்காட்சியகத்தில் லியனார்டோ டா வின்ஸி எழுதிய ஏழு படங்களிலுள்ள முகங்களை இவ்வாறு சோதித்து 2010-இல் வெளியிட்ட முடிவின்படி, நிழலுக்காக அவர் ஏற்றிய படலங்கள் எல்லாம் சேர்ந்தும் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று அல்லது நான்கு பங்கு கனமே இருந்தன. ஒரு தலைமயிரின் கனத்தில் பாதி! இதற்குள் பல படலங்கள். ஒவ்வொன்றும் இறுகிய பிறகே அடுத்தது.

இந்த ஆராய்ச்சிகளுள் என் பழைய புதிருக்கு நேராக விடை சொன்னது மாட்ரிட் நகரத்துப் பிராடோ அருங்காட்சியகத்தில் இருந்த ஒரு பிரதி. மோனா லிசாவைப் பார்த்து யாரோ எழுதிய, கறுப்புப் பின்னணி உடைய, அவ்வளவாக மதிக்கப்படாத படம் அது. 2012-இல் அதைச் சுத்தம் செய்தபோது, கறுப்பு 18-ஆம் நூற்றாண்டில் யாரோ பூசியது என்று தெரிந்து, அதை நீக்கியதும் அடியில் அசலில் உள்ளது போன்ற நிலக்காட்சி வெளிப்பட்டது. அகச்சிவப்புக் கதிராலும் படம் பிடித்தார்கள். வர்ணப் பூச்சுகளில் பலவற்றை அக்கதிர் ஊடுருவிச் சென்றுவிடும். கரியால் போட்ட கோட்டில் பட்டால் மட்டும் விழுங்கப்பட்டுவிடும். ஆகவே பூச்சின் அடியில் புதைந்த வரைவு கறுப்பாகத் தெரியும். தெரிந்தது என்ன? லியனார்டோ தம் படத்தில் முதலில் ஒரு விதமாக வரைந்து, பிறகு மனம் மாறித் திருத்தி, திருத்தத்தின்மேல் வர்ணம் பூசி மறைத்திருந்த இடங்கள் சிலவற்றில், பிரதி எடுத்தவரும் முதலில் அவ்வாறே வரைந்து, அவ்வாறே திருத்தியிருந்தார். முடிந்த படத்தைப் பார்த்துப் பிரதி எடுக்கிறவன், அசலில் மறைந்துபோன திருத்தத்தை எப்படி அறிவான்? ஆகவே பிரதி எடுத்தவர் லியனார்டோவின் சீடர்; குரு எழுதும்போதே பக்கத்தில் இன்னொரு பலகையை வைத்துக்கொண்டு, படிக்குப் படி கூடவே எழுதியிருக்கிறார் என்பது துணிபு.

ஜென்சன் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்த இருபது வயது ரவிவர்மாவின் கண் எதைத் திருடியிருக்க வேண்டும் என்று இப்போது ஒருவாறு ஊகிக்கலாம். நிறங்கள் சுவரிலேயே இருந்தன, கோடுகளும் இருந்தன. சுவரில் இல்லாதது காலக்கிரமம்: எது முதல், எது பின், எவ்வளவு நீர்க்க, எவ்வளவு கொழுக்க, எங்கே கையை எடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பது. மலையாளத்தில் ஓவியத்தைச் ‘சித்திரமெழுத்து’ என்கிறார்கள்; நம் பழைய தமிழிலும் ஓவியம் எழுதப்பட்டதே. எழுத்துக்கு ஓர் ஆரம்பமும் வரிசையும் உண்டு. படிக்கிறவனுக்கு அவை வரிசையாகவே கிட்டுகின்றன. படத்தைப் பார்க்கிறவனுக்கோ கடைசி வரி முந்திய வரிகள் எல்லாவற்றின்மேலும் எழுதப்பட்டுக் கிடைக்கிறது. ஜென்சன் வந்து சென்ற ஐந்து ஆண்டுகளுக்குள், 1873-இல், கூந்தலில் மல்லிகை சூடும் நாயர் பெண்ணின் படத்துக்காக ரவிவர்மா சென்னையில் கவர்னரின் தங்கப் பதக்கத்தைப் பெற்றார்.

என் பிரதியின் கதியைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. திரைந்த கூந்தலைச் சுரண்டி எடுத்து, அடிப்பூச்சை மெலிவாகப் போட்டு, வெள்ளையும் சாம்பலுமாக முகத்தை முதலில் எழுதி முடித்தபோது இடவப்பாதி என்று இங்கே சொல்லும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டது. ஈரக்காற்றுக்குப் பயந்து படத்தைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் பூட்டினேன். ஓணத்துக்கு முன்னே எடுத்துப் பார்த்தால், தமயந்திக்குக் காமாலை கண்டிருந்தது. இறுகிய ஆளிவிதை எண்ணெய் இருளில் கிடந்தால் மஞ்சள் பாரிக்கும். வெளிச்சத்தில் வைத்தால் பெரும்பாலும் வெளுத்துவிடும். பிளெமிஷ் மகாசித்திரக்காரர் ரூபன்ஸ், பெட்டிக்குள் அடைபட்டுப் போன தம் படம் மஞ்சளாயிருந்தால் வெயிலில் வைக்கும்படி ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதை நம்பி மாடியில் வடாம் காயும் பாயின் ஓரமாகப் படத்தைச் சாய்த்து வைத்தேன். பத்து நாளில் முகம் தெளிந்தது.

இப்போது இரண்டாவது செம்படலம் ஏறியிருக்கிறது. காது மடலின் நிழலில், சற்றுத் தடித்துவிட்ட ஓரிடத்தில் நகத்தை வைத்தால் இன்னும் தடம் விழுகிறது. ஆகவே மூன்றாவது படலத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வார்னிஷ் பூச, அதற்குமேல் ஆறு மாதமாவது ஆகும். நல்லெண்ணெயின் இரட்டைப் பிணைப்புகளைப் பற்றி என் மனைவிக்கு விரிவாக விளக்கி, விளக்குக்குத் தேங்காயெண்ணெய் ஊற்றலாமே என்று யோசனை சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, புளியையும் சாம்பலையும் என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.